கால் மட்டும் செய்தவள்

குவாயக்கில் நகரத்தில் எங்கள் தெருவுக்கே பொம்மைதான் பிழைப்பு. வருஷக் கடைசி நாள் ஆளாளுக்கு ஒரு பொம்மை வாங்கி, பெல்ட்டால் நாலு சாத்து சாத்தி, வாசலில் வைத்துக் கொளுத்துவார்கள். போகிற வருஷம் அதோடு தொலைந்தது. விற்காமல் நின்ற பொம்மை தரித்திரம். பழைய வருஷம் வீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள்.

நான் தெருமுனையில் சூரை மீன் சாறு விற்கிறவன். குடிக்க வருகிறவர்களே வீட்டுக் கதையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். நான் கேட்பதில்லை. சரி, கொஞ்சம் கேட்பேன்.

சொய்லா தொமலாவின் கதையும் அப்படி வந்ததுதான். அக்காள் புருஷன் வெலிங்டனின் பட்டறையில், பின்கட்டு அறையில் அவளுக்கு வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் கூரை வரைக்கும் காகிதக் கால்கள். படுக்கையும் அங்கேதான், கால்களைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். பழைய பேப்பரைப் பசையில் நனைத்து ஒட்டி ஒட்டிக் கால் செய்வாள். முகமெல்லாம் வெலிங்டனின் அச்சில் வரும்: டிவியில் பறக்கிற வீரர்கள், அத்தனை பேருக்கும் ஒரே சிரிப்பு.

அவளுக்கு மனிதர் முகம் செய்ய ஆசை. டிசம்பர் வந்தால் ரகசியமாக ஒன்று செய்வாள். கண் வைக்கிற நேரம் வந்ததும் பயந்து, வாளித் தண்ணீரில் முக்கிக் கூழாக்கி, அதையே காலுக்கு அப்பிவிடுவாள். அவள் அக்காள் சொன்னது இது. எத்தனை முகங்கள் இப்படி முழங்காலாகிப் போயினவோ.

ஒரு நாள் சாறு வாங்க வந்தவளைச் சீண்டினேன்.

"ஏன் சொய்லா, மூஞ்சி செய்யுறியாமே? எனக்குக் காட்ட மாட்டியா?"

"போங்கண்ணே. இந்தக் கை காலுக்குன்னே பொறந்தது."

"யாரு சொன்னா?"

"அத்தான் சொல்லும். அது சொல்லாட்டாலும் எனக்குள்ள ஒருத்தி சொல்லிக்கிட்டேதான் இருக்கா. வெளிய வெச்சு விக்காமப் போச்சுன்னா? வருசம் பூரா அந்த மூஞ்சியோட அந்த ரூம்லயே நான் கெடக்கணும்ணே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, என் மூஞ்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷக் கடைசி நாள் மத்தியானம். ஆம்பிளைகள் பொம்மையின் பொண்டாட்டியாக வேஷம் கட்டி, வண்டிகளை மறித்து ஒப்பாரி வைத்துச் சில்லறை கேட்பது எங்கள் வழக்கம். நானும் கறுப்புக் கவுன், சவுரி, பலூன் மார்போடு கைம்பெண்ணாகக் கிளம்பினேன். வெலிங்டன் பட்டறை வாசலில் ஒரே கூட்டம். என்னைக் கண்டதும் கப்சிப்.

நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கையில் கரண்டி. ஒரு காதைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து சொய்லா அதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்த்திருந்தாள். வாய் இருக்கிறதே, இப்போதுதான் யாரைப் பற்றியோ சொல்லி முடித்த வாய். இந்தத் தடவை கண்ணையும் வைத்துவிட்டாள். வெலிங்டன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவளே தூக்கி வந்து வைத்தாளாம். இப்போது வாசற்படிக்கு உள்ளே, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நா அப்பவே சொன்னேன்," என்றான் திரும்பி வந்த வெலிங்டன். "ஊர்க்காரன் மூஞ்சிய எவன் காசு குடுத்து வாங்குவான்? அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இப்பவே பிச்சுப் போடச் சொல்றேன்."

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காது! ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவள் உள்ளே திரும்ப ஆரம்பித்துவிட்டாள், அந்தக் கால்களுக்கு நடுவே போக. கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பொம்மைமேல் விழுந்தேன்.

"ஐயோ என் ராசா! ஊர்க்கதைய பாதியில விட்டுட்டுப் போனியே! இனி எந்த வீட்டுச் சண்டைய யாருகிட்ட கேப்பேன்!"

தெரு வெடித்தது. தனக்குத் தானே கைம்பெண்ணானவனை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மீன்காரி ஃபெலிசிதா முண்டியடித்து வந்தாள்.

"அத எனக்குக் குடு. எம் மகளப் பத்தி இந்த ஆளு பேசுன பேச்சுக்கு பெல்ட்டு பத்தாது, துடுப்பு எடுத்துட்டு வர்றேன்!"

"எனக்கு! எனக்கு!" என்று நாலு பேர் கை நீட்டினார்கள். எனக்கு இவ்வளவு வேண்டியவர்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஃபெலிசிதா காசை எண்ணி வைத்துவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். "இதுக்கு ஒரு அச்சு எடுத்துடலாமா சொய்லா?" என்று வெலிங்டன் குழைந்தான். அவள் இன்னும் படிக்கு உள்ளேதான் நின்றாள்.

பொம்மை கிடைக்காத ஒருத்தி கேட்டாள்: "அடுத்த வருசம் எம் மாமியாரச் செஞ்சு குடுப்பியா? போட்டோ தர்றேன்."

சொய்லா படியிறங்கினாள்.

"போட்டோ வேணாங்க்கா. நேர்ல கூட்டிட்டு வாங்க. நா பாக்கணும்."