புரதம் விழித்த ஐந்தாம் நிமிடம்

எட்டு மாதமாக ஒரு புரதம் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

என் ஆராய்ச்சி இதுதான். ஒரு செடியிலிருந்து பிரித்த சேர்மத்தைச் செல்களின் மேல் விட வேண்டும். அது செல்லின் மேற்புறத்தில் இருக்கும் ஏற்பியில் ஒட்டும். ஏற்பி உள்ளே ஒரு நொதியை உசுப்பும், அது அடுத்ததை உசுப்பும். கடைசியில், தூங்குமூஞ்சியாகக் கிடக்கும் எங்கள் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டியதும் அது வேலையில் இறங்கும். இறங்கினால், அந்தச் செல்களை எடுத்துச் சோதிக்கும் எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். எனக்கு விழவே இல்லை.

"இந்தத் தடவையும் வரலைன்னா தலைப்ப மாத்திருவோம்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். மாற்றினால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கு. அந்த வாரம் விடுதிச் சமையல்காரர் முதல் மின்விசிறி வரை எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசி வாய்ப்பு என்பதால் சார் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலு எட்டு பின்னால் வைத்தேன். திரும்பி, கதவைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன்.

"எங்கம்மா போறே?"

"டீ குடிக்க, சார். மருந்து வச்சாச்சு."

எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. பி.எஸ்சி. முடித்ததும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், லோடு ஏற்றுமுன் சரக்கை வெடித்துப் பார்க்கும் வேலையில் இரண்டு சீசன் இருந்தேன். திரியில் நெருப்பு வைத்தால் அங்கே நிற்கக் கூடாது. வெடிக்காவிட்டாலும் வெகுநேரம் கிட்டப் போகக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆய்வகத்திலும் ஒரு மணி நேரம் கழித்தே செல்களிடம் திரும்பியிருக்கிறேன். நோட்டில் 'ஒரு மணி நேரம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதியும் வைத்திருந்தேன். சாரும் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "செல்லு வெடிக்காதும்மா. வந்து உக்காரு."

ஐந்தாவது நிமிடம் ஒரு தட்டுச் செல்களை எடுத்தோம், அரை மணியில் இன்னொன்று. மறுநாள் பிலிமில் முதல் தட்டுக்குக் கோடு பட்டையாக விழுந்திருந்தது. இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. அதற்குள் வேறொரு நொதி பாஸ்பேட்டைக் கழற்றிவிட, புரதம் மறுபடி படுத்துவிட்டது. எட்டு மாதமும் அது ஒழுங்காக வேலைக்கு வந்து போயிருக்கிறது. டீக்கடையில் இருந்தது நான்தான்.

அம்மா எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். உள்ளே போனுக்கு அனுமதியில்லை. சாயங்காலம் வேனில் ஏறிய பிறகே கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். வேனே சிரித்தது; ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஏண்டி, நாங்க இருவது வருசமா மருந்துக்குப் பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்துருக்கோம். நீ கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்குப் பயந்து எட்டு மாசம் ஓடியிருக்கியே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவள் சொன்னது உறைத்தது, சிரிக்க முடியவில்லை.

"இனி படிப்பு முடிஞ்சுரும்ல?" என்றாள்.

"முடிஞ்சுரும்மா."

"முடிச்சு ஒரு வேலைல உக்காருடி. அன்னைக்கு நான் அங்கன இருந்து எந்திரிச்சிருவேன்."