சங்கு ஊதாத வீடு

சுங்காய் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களில் நல்லம்மாளைப் போல ஒழுங்கானவள் கிடையாது. ஆலைச் சங்கு ஊதினால் எழுவாள், ஊதினால் காலைப் பசியாறுவாள், ஊதினால் சோறு தின்பாள். "ஆபீஸ் கிராணி கடிகாரம் தப்பினாலும் என் தங்கச்சி தப்பமாட்டா லா" என்று அண்ணன் அர்ச்சுனன் பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொண்டதோடு சரி. ஏன் இப்படி என்று அந்த மனுஷன் ஒருநாளும் யோசித்ததில்லை.

காய்ச்சல் என்று சொல்லாமலே வேலைக்கு வந்து மரத்தடியில் விழுந்திருக்கிறாள். யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். அம்மா செத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "வயித்துக்குள்ள கனமா இருக்கு, மாத்திரை வேணும்" என்று கேட்டாள். பிணம் கிடக்கும் வீட்டில் கேட்கிற கேள்வியா இது? அர்ச்சுனன் ஊர் பார்க்க ஓங்கி ஓர் அறை விட்டான். கல்நெஞ்சக்காரி என்ற பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

எண்பத்தொன்றில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அர்ச்சுனன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு குனோங் ராபாட்டில் வாடகைக்கு வீடு பிடித்து லோரி ஓட்டினான். அவன் மனைவி நவமணி வேளாவேளைக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவரை நல்லம்மாளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. அவள் பிரசவத்துக்குக் கோப்பெங்கில் தாய்வீட்டுக்குப் போன வாரம், இவனுக்கு ஜொகூருக்கு லோரி ஓட்டம் வந்தது.

"சோறும் கருவாட்டுக் குழம்பும் இருக்கு. பசிச்சா சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் காலையில் வந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டியில் வைத்த சோறு வைத்தபடி ஊசிக் கிடந்தது. நல்லம்மாள் சுவரோரம் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, எழ முயன்று முடியாமல் சரிந்தாள்.

"ஏம்மா சாப்பிடல?"

"பசிச்சா சாப்பிடச் சொன்னீங்க. பசிச்சுச்சான்னு தெரியலண்ணே. இங்க சங்கும் ஊதல."

"பசி தெரியாதா? என்னா புள்ள பேசுற நீ?"

"எல்லாருக்கும் தெரியுமாண்ணே? எப்படித் தெரியும்?"

அர்ச்சுனன் அடுப்பைப் பற்றவைத்தான். முப்பது வருஷமாக ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கிறான்! வாயால் வைதுகொண்டே கஞ்சி காய்ச்சினான். ஒரு கிண்ணம் குடித்தாள்.

"போதுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

அவன் அடுத்த கரண்டி ஊற்றும்போது அவளே கேட்டாள். "அம்மா கெடந்தப்போ வயித்துக்குள்ள கனமா இருந்துச்சே, அது பசியாண்ணே?"

கரண்டி பிடித்திருந்தது அவளை அறைந்த அதே கை. அவனுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன.

"இல்லம்மா. அது துக்கம்."

நல்லம்மாள் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"அப்படின்னா அது இன்னும் போகலண்ணே" என்றாள்.