புரண்டு படுத்தால் சுற்றும் கூரை

தரங்கம்பாடியில் கடலுக்குப் போகிறவர்களில் நாகநாதனுக்கு ஒரு பெயர் உண்டு. எந்தக் கடலிலும் வாந்தி எடுக்காத ஆள். வாடைக் காலத்தில் அலை ஃபைபர் படகைத் தூக்கித் தூக்கிப் போடும்போது இளவட்டங்கள் எல்லாம் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் பின்பக்கம் இன்ஜின் பிடியை ஒரு கையிலும் தூக்குவாளியை மடியிலும் வைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருப்பார். படகு அவர் மைத்துனன் சிங்காரத்தினுடையது. ஆனால் இன்ஜினில் அவரைத் தவிர வேறு யாரும் கை வைக்க முடியாது. வைத்தால் கத்துவார். முன்கோபம் அவருக்குக் கூடப் பிறந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வருஷம், விடிகாலையில் பாயில் வலது பக்கம் புரண்டு படுத்தார். கூரை சுற்றியது. சாதாரணமாக அல்ல, ராட்டினம் போல. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. பாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் தானாக நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தரையில் வாந்தி எடுத்தார். மனைவி சுந்தரி விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. பித்தம் என்று சொல்லிவிட்டு அன்றும் கடலுக்குப் போனார்.

நாலைந்து நாளில் நடுக்கடலில் சுற்றல் மறுபடி வந்தது. இன்ஜின் விசிறியில் வலை சிக்கிக்கொண்டது. குனிந்து அதை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். கடலும் வானமும் ஒன்றாகச் சுழன்றன. சிங்காரம் எட்டி அவர் இடுப்பைப் பிடிக்காவிட்டால் தண்ணீருக்குள் போயிருப்பார். கரைக்கு வந்ததும் சிங்காரம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மச்சான், கொஞ்ச நாள் கரையில இருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

குப்பத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. நாகநாதன் குடியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவர் இரண்டு பேரோடு சண்டைக்குப் போனார். மருந்துக்கடையில் தலைசுற்றலுக்கு என்று கேட்டு வாங்கிய மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது. உடம்பில் சத்தில்லை என்று ஓரிடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது ஏறும்வரை சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சுற்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தார், சுற்றியது.

சுந்தரி மீன் விற்கப் போகும் பொறையாரில், ஜவுளிக்கடைக்காரர் மீரா சாகிப்பின் மருமகள் தஹ்மீனா டாக்டராக இருந்தார். கடைக்குப் பின்புறம் சின்னதாக கிளினிக். எல்லா நோய்க்கும் பார்க்கும் குடும்ப டாக்டர். சளிக்காய்ச்சலுக்கு ஊசி போட மாட்டார், கேட்டால் காரணம் சொல்வார் என்பதால் கூட்டம் குறைவு. சுந்தரிக்கு அவரைப் பிடிக்கும். கணவனை இழுத்துக்கொண்டு போனாள்.

தஹ்மீனா நிறையக் கேட்டார். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்பினால், காது கேட்கிறதா, பேச்சு குழறியதா, கைகால் மரத்ததா என்று. விரலைப் பார்க்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். ஸ்கேன் எதுவும் தேவைப்படாது, படுக்க வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். மேசையில் உட்கார வைத்து, அவர் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கியது.

நாகநாதனுக்கு உலகமே கவிழ்ந்தது. கத்தினார். வாந்தி எடுத்தார். சுற்றல் அடங்கியதும் டாக்டர், "இதேதாங்க. இப்பவே சரி பண்ணிடலாம், அப்படியே படுத்திருங்க, தலையை மறுபக்கம் திருப்பணும்" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார் நாகநாதன். காதுக்குள் இருக்கும் துகள் இடம் மாறியதால் வருவது என்று டாக்டர் பின்னாலேயே வந்து சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"நோயைப் போக்கச் சொன்னா நோயை வரவழைக்கிறாங்க" என்று வழியெல்லாம் திட்டினார். குப்பத்திலும் அதையே சொன்னார். ஒரு மெஷின் கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது, தலையைப் பிடித்துத் திருகுகிறார்கள், காதில் கல் இருக்கிறதாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அலைச்சல். பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்பது அவருக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. இன்னோரிடத்தில் கழுத்துப் படம் பார்த்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் இருதயத்தைப் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. ரத்த அழுத்தம் கூடுதல் என்று அதற்கொரு மாத்திரை தொடங்கியதுதான் அலைந்ததற்குக் கிடைத்த உருப்படியான பலன். ஒருவரும் எப்போது சுற்றுகிறது என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவர் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார். "எப்பவும் சுத்துது" என்பதுதான் அவருடைய ஒரே பதில். பயம் எப்போதும் இருந்ததால் சுற்றலும் எப்போதும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

படுப்பதை விட்டுவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். பகலில் கழுத்துப் பட்டையோடு கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்தார். மாத்திரை மயக்கத்தில் முடிச்சு தப்பாக விழும், பிரித்து மறுபடி போடுவார். சிங்காரம் மாதக்கணக்கில் பொறுத்துவிட்டு, சீர்காழிப் பக்கத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து இன்ஜினில் உட்கார வைத்தான். அன்று நாகநாதன் மைத்துனனோடு பேச்சை நிறுத்தினார்.

சுந்தரி விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, பொறையாரில் விற்று, வந்து சமைத்து, இவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, இவர் கோபத்தையும் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் தட்டைத் தள்ளினார். சுந்தரி தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்க படுக்கிறப்பவும் திரும்புறப்பவும்தான் சுத்துது. பக்கத்துல கிடக்கிற எனக்குத் தெரியாதா? நீங்க வர்றீங்களா, இல்ல நான் தனியாப் போயி அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வரட்டுமா?"

அவர் எழுந்து கரைக்குப் போய்விட்டார். மறுநாள் மீன் விற்று முடித்த கூடையோடு அவளே கிளினிக்குக்குப் போனாள். தஹ்மீனாவுக்கு அவர்களை நினைவிருந்தது. சுந்தரி சொன்ன ஒரு வருஷக் கதையை முழுசாகக் கேட்டார். பிறகு, தான் செய்ததிலும் தப்பு இருக்கிறது என்றார். படுக்க வைத்தால் சுற்றும், ஆனால் நின்றுவிடும் என்று முன்னாலேயே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிய பிறகு சொன்னால் எந்த மனுஷன் காது கொடுப்பான் என்று தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டார். அதைத்தான் சுந்தரி வீட்டில் போய்ச் சொன்னாள். டாக்டர் தன் தப்பைச் சொன்னார் என்பது நாகநாதனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அதற்காகவே கிளம்பினார்.

இந்தத் தடவை தஹ்மீனா முதலில் பேசினார்.

"நம்ம நிக்கிறோமா சாயிறோமான்னு மூளைக்குச் சொல்ற இடம் காதுக்குள்ள இருக்குங்க. அங்க மாவு மாதிரி துகள் ஒட்டியிருக்கும். அதுல கொஞ்சம் பிரிஞ்சு பக்கத்துக் குழாய்க்குள்ள போயிடுச்சு. நீங்க தலையைத் திருப்பினா அது உருளுது. அது உருண்டா உங்களுக்கு வீடே உருளுது. தலையை ஒவ்வொரு பக்கமாத் திருப்பி அதை வெளிய கொண்டுவரணும். இப்ப சுத்தும், நல்லாவே சுத்தும். ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடும். நடுவுல எந்திரிச்சிராதீங்க."

"மாத்திரையில கரையாதா?"

"கரையாதுங்க. மாத்திரை உங்களைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான்."

கழுத்துப் பட்டையைக் கழற்றி சுந்தரியிடம் கொடுத்துவிட்டு மேசையில் ஏறினார். தலை தொங்கியதும் சுற்றல் வந்தது. சுந்தரி அவர் கண்ணைப் பார்த்தாள். கருவிழி இரண்டும் தம்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் தலையை விடாமல் பிடித்திருந்தார். துடிப்பு அடங்கியது. தலையை இடப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்போடு புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி படுக்க வைத்தார். மறுபடி கொஞ்சம் சுற்றியது, நின்றது. மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். சற்று ஓய்வு கொடுத்து முழுவதையும் இன்னொரு தடவை செய்தார். அந்தத் தடவை தலை தொங்கியபோது கூரை நின்ற இடத்திலேயே நின்றது.

நாகநாதன் சந்தோஷப்படுவார் என்று சுந்தரி எதிர்பார்த்தாள். அவர் முகம் இறுகிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதாங்க."

"அன்னைக்கு நான் எந்திரிக்காம இருந்திருந்தா?"

"அன்னைக்கே போயிருக்கும்."

சொல்லிவிட்டு டாக்டரும் கீழே பார்த்தார். தலைசுற்றல் மாத்திரைகள் இனி வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் விடக்கூடாது, இது சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் இங்கே வந்து படுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். பேருந்தில் வரும்போது நாகநாதன் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தவர்கள் மேலா, பட்டை மாட்டியவர்கள் மேலா, தன் மேலா. அன்றிரவு பாயில் வலது பக்கம் புரண்டு படுத்து, விடியும்வரை அசையாமல் தூங்கினார்.

உடம்பு சரியானது. மற்றது சரியாகவில்லை. சிங்காரத்தின் இன்ஜினில் இருந்த ஆள் நல்ல வேலைக்காரன், குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தான். அவனை எழுப்பிவிடச் சொல்ல நாகநாதனுக்கே வாய் வரவில்லை. வேறொருவர் படகில் வலை இழுக்கப் போனார். இளவட்டங்களோடு முன்பக்கம் நின்று இழுப்பது தோளுக்குப் பழக நாளானது. கழுத்துப் பட்டை போட்டதால்தான் குணமானது என்று குப்பத்தில் பேசினார்கள். அதை மறுத்து மறுத்து அவருக்குத் தொண்டை கட்டியது.

துறைமுகத்தில் ஐஸ் விற்கும் மீரா உசேனுக்குக் குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்ற ஆரம்பித்தது. நாகநாதன் ஓடிப்போய்ப் பொறையார் டாக்டரிடம் போகச் சொன்னார்.

மீரா உசேன் சிரித்தார். "அந்தம்மா தலையைத் திருகுவாங்கன்னு நீதானய்யா ஊர் பூரா சொன்ன. நான் ஸ்கேனுக்கு எழுதி வாங்கிட்டேன்."

"நான் சொன்னது தப்பு."

"அப்பவும் இதே மாதிரி அடிச்சுத்தான் சொன்ன."

மீரா உசேனைத் தானே படுக்க வைத்துத் திருப்பிவிடலாமா என்று நாகநாதன் தஹ்மீனாவிடம் போய்க் கேட்டார். டாக்டர் கடுமையாக மறுத்தார். எல்லாத் தலைசுற்றலும் இது அல்ல, சிலது மூளையிலிருந்து வரும், சிலது மயக்கம், பார்க்காமல் தொடக்கூடாது. பேச்சு குழறினாலோ கைகால் விழுந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எதுவும் இல்லையென்றால் இங்கே கூட்டிவாருங்கள் என்றார். மீரா உசேன் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நாகநாதனுக்குச் சுற்றல் திரும்ப வந்தது. சுந்தரியிடம்கூடச் சொல்லாமல் பேருந்து ஏறினார். கிளினிக்கில் அவருக்கு முன்னால் ஒரு குழந்தையும் தாயும் மட்டும் இருந்தார்கள். குழந்தையின் சளிக்கு ஏன் ஊசி வேண்டாம் என்று டாக்டர் உள்ளே நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் நம்பாத முகத்தோடு வெளியே வந்தாள். நாகநாதன் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனார். மேசையில் ஏறித் தானாகவே தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டார்.