ஹீற்றர் இருந்த வீட்டில் கரி எரிந்தது

போன சனிக்கிழமை மத்தியானம், கோயிலில் பழக்கமான வதனியையும் அவளுடைய குழந்தையையும் பார்க்கப் போனேன். அங்கே கண்டதால்தான் இந்த வாரம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

வதனியும் கணவன் நேசனும் அகதிகளாகப் படகில் வந்தவர்கள். தற்காலிக விசா. மெல்பேர்ணின் புறநகரான த பேசினில், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பாதையில் பழைய வாடகை வீடு. மலையடிவாரம்... குளிர் எலும்புக்குள் இறங்கும். நேசனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமையும் உண்டு.

கதவைத் திறந்த வதனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து தலையிடி, சத்தியும் வந்தது என்றாள். ஹோல் ஐஸ் பெட்டிபோல இருந்தது. படுக்கையறையோ நல்ல வெப்பம். கதவின் கீழ் இடைவெளியில் துவாய் அடைத்திருந்தது. ஜன்னல் இடுக்குகளிலும் துணி. மூலையில், தகரத் தட்டொன்றில், இறைச்சி வாட்டுகிற பார்பிகியூ கரி கனன்றுகொண்டிருந்தது!

கட்டிலில் குழந்தை. தட்டினேன். கண் திறக்கவில்லை.

தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் வதனியையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மழைத் தூறலில் பிள்ளையின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்து, மெல்ல அழத் தொடங்கியது. நான் அப்படியே ஈரப் புல்லில் இருந்துவிட்டேன். பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிடவே நினைவு வந்தது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒக்சிஜன் கொடுத்தார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லையாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருவரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டொக்டர்.

நேசன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். அந்த வீட்டில் காஸ் ஹீற்றர் இருக்கிறதே, ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"போடப் பயம் அன்ரி," என்றான். "கடைசி பில்லைக் கட்டவே கடன் வாங்கினனான்."

வீட்டு வாசலுக்கு வந்த ஒரு விற்பனைப் பையன், கழுத்தில் அடையாள அட்டையோடு, கொம்பனி மாறினால் காஸ் மலிவு என்றிருக்கிறான். அரசாங்க ஆள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சில மாதத்தில் விலை ஏறிவிட்டது. ஒப்பந்தத்தின் நடுவில் ஏற்றலாமா? ஏற்றலாமாம். பொடி எழுத்தில் இருந்ததாம்.

எனக்குக் கோபம். அரசாங்கம் வைத்த விலைக்கு மேல் எப்படி வாங்கலாம் என்று திங்கட்கிழமை நுகர்வோர் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். மறுமுனைப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: இந்த மாநிலத்தில் அரசாங்கம் காஸ் விலையை நிர்ணயிப்பதை விட்டுவிட்டது. கொம்பனிகளே வைக்கும். போட்டி இருப்பதால் விலை தானாகவே சரியாக இருக்கும் என்பது எண்ணம்.

"அப்போ அரசாங்கம் என்ன செய்யுது?"

"சந்தையைக் கண்காணிக்கிறோம்," என்றாள்.

இத்தனை வருடமாக மெல்பேர்ணில் பில் கட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது! பரமட்டாவில் இருக்கிற தங்கைக்குப் போன் எடுத்தேன். அவள் இருக்கிற சிட்னியில், தனி ஒப்பந்தம் எடுக்காதவர்களின் வழமையான கட்டணத்துக்காவது இன்னும் ஓர் அரச அமைப்பின் அனுமதி வேண்டுமாம். ஒரே நாடு, இரண்டு சட்டம்!

உதவி இலக்கத்துப் பெண் இன்னொன்றும் சொன்னாள். கட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதி கொடுக்காமல் காஸை வெட்ட முடியாது, அது சட்டம். பில்லைக் கண்டு ஹீற்றரை நிறுத்திய வதனிக்கு இதை யார் சொன்னது? ஒருவருமில்லை. வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்க ஆள் இருந்தது, இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நேசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே கொம்பனியோடு பேசினேன். தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் விலை குறையவில்லை. வாசலில் சொன்ன பொய்யைப் பற்றி முறைப்பாடும் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. வதனியும் பிள்ளையும் வீடு திரும்பிவிட்டார்கள். நல்ல சுகம்.

இந்தக் குளிர்காலத்தில் புதிதாக வந்தவர்கள் வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்க முதல் அவர்களுடைய ஹீற்றர் சூடாக இருக்கிறதா என்று ஒருக்காத் தொட்டுப் பாருங்கள்.