நாகலிங்கத்தைக் கோயிலுக்கு அனுப்பிய ஊர்

1. அட்டையில் எலும்புக்கூடு

அட்டை அச்சாகிவிட்டது, கதை ஒரு வரிகூட இல்லை. மாத நாவல் எழுதிப் பிழைத்தவர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல. ஓவியர் முதலில் வரைந்துவிடுவார், நாம் அதற்குள் கதையைத் திணிக்க வேண்டும். அந்த மாத அட்டையில் பழவேற்காடு டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடு. பக்கத்தில் வாயைப் பிளந்தபடி என் ஹீரோ, புலனாய்வு நிருபர் நாகலிங்கம்.

இன்றைய பிள்ளைகளுக்கு நாகலிங்கத்தைத் தெரியாது. ஒவ்வொரு நாவலிலும் முதலில் தப்பான ஆளைப் பிடிப்பான், உதை வாங்குவான், கடைசி பாரத்தில், அதாவது கடைசிப் பதினாறு பக்கத்தில், எப்படியோ குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். எப்படி என்று பல சமயம் எனக்கே தெரியாது.

எடிட்டர் போனில் கத்தினார். "யோவ், அந்த ஊருக்கே போய் உக்காந்து எழுதுய்யா. மேட்டர் இல்லாம வந்தே, உன்னையும் அந்தக் கல்லறையிலேயே படுக்க வச்சிடுவேன்."

பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காட்டில் போய் இறங்கினேன். ஏரிக்கரைக் குப்பத்தில் கஜா என்ற மீனவர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஆள். என் பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். "மங்கா, இங்க வா! நாகலிங்கம் எழுதுற சார் நம்ம வூட்டுக்கே வந்துகீறாரு!" அவர் மனைவி மங்கா டீயை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னை எடை போட்ட மாதிரி இருந்தது.

2. காணாமல் போன வலை

மறுநாள் காலை கஜா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காட்டுப்பள்ளிப் பக்கம் சில நாள் கூலி வேலைக்குப் போய், நான் வந்து சேர்வதற்குச் சற்று முன்புதான் திரும்பியிருந்தார். கொட்டகையில் வைத்திருந்த, மஞ்சள் மிதவை கோத்த வலையைக் காணோம்.

வலைதானே, இன்னொன்று வாங்கலாமே என்றேன். கொன்றுவிடுவது போல முறைத்தார். பிறகுதான் விளக்கினார். ஏரியில் எவர் எங்கே, எந்த நாளில் வலை கட்டுவது என்பதை அந்த ஊர்க்காரர்களே சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. கஜாவின் முதல் பாடு அடுத்த நாள் விடியலில்.

"நாளைக்கு வலை கட்டலன்னா முறை அடுத்தவனுக்குப் போயிடும் சார். மொதல் பாட்டையே வுட்டவன்னு ஊரு சிரிக்கும். நீங்கதான் கண்டுபுடிக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கேஸும் கிடைத்தது, கதையும் கிடைத்தது!

3. எல்லாரும் பக்தர்கள்

என் ஹீரோ செய்வதையே செய்தேன். ஐஸ் வியாபாரி கண்ணைப் பார்த்தேன், திருட்டு முழி. "வலை எங்கே?" என்று மொட்டையாகக் கேட்டேன். அவர் ஐஸ் உடைக்கும் சுத்தியலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "இன்னா சார், ஊருக்குப் புச்சா? மொதல்ல அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்புட்டு வாங்க."

நண்டு வாங்கும் அம்மா, படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர், கல்லறையில் ஆடு மேய்த்தவர், எல்லாரையும் குடைந்தேன். வலை என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் கடைசியில் ஒன்றைத்தான் சொன்னார்கள். "கோயிலுக்குப் போனீங்களா சார்?" இவ்வளவு பக்தியுள்ள ஊரை நான் பார்த்ததே இல்லை என்று வியந்தேன். அட மடையா!

மத்தியானம் சாப்பாடு போடும்போது மங்காவும் சொன்னாள். "கோயிலுக்கு இன்னும் போவலியா சார்?"

"கேஸ் முடியட்டும்மா."

"போய்ட்டு வந்தா முடிஞ்சிடும்," என்றாள். அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. நான் யாரிடம் வலையைக் கேட்டாலும் பதிலாகக் கோயில் வருகிறதே, ஏன்? பாதிச் சோற்றில் எழுந்து போனேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு குவியலைத் தார்ப்பாய் மூடியிருந்தது. ஓரத்தில் மஞ்சள் மிதவை எட்டிப் பார்த்தது. கஜா சொன்ன அதே மிதவை. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஊர்ப் பெரியவர் சிரித்தார்.

"வந்துட்டியா சார்? காலைலேர்ந்து ஊரே ஒன்ன அனுப்பிக்கினு கீது."

விஷயத்தை அவரே சொன்னார். முந்தாநாள் விடியலில், வேறொருவருக்குப் பாடு விழுந்த இடத்தில் அந்த வலை கட்டிக் கிடந்தது. கட்டியவர் ஓடிவிட்டார். முறை தப்பிக் கட்டிய வலையை ஊர் எடுத்துக் கோயிலில் போட்டுவிடும். வலைக்குரியவர் தானாக வந்து கேட்க வேண்டும். அதுவரை அவரிடம் ஊரில் எவரும், அவர் வீட்டில் இருப்பவர்கூட, வாயைத் திறக்கக் கூடாது. அது ஊர்க் கட்டு, அதாவது ஊர்க் கட்டுப்பாடு.

"நீ வெளியூரு, ஒனக்குக் கட்டு கெடையாது. போய்ச் சொல்லு," என்றார்.

4. யார் கட்டியது?

சொன்னேன். கஜா ஓடினார். சாயங்காலம் ஊர் கூடியது. "நான் ஊர்லயே இல்ல, அம்மன் மேல சத்தியமா நான் கட்டல," என்றார் கஜா. ஒருவரும் நம்பவில்லை; முறை தப்பியவனுக்குப் பாடு கிடையாது என்றார்கள். வலை கிடைத்தும் பாடு போய்விடும் போலிருந்தது. நான் எழுதும் கதை என்றால் இந்த இடத்தில் நாகலிங்கம் ஏதாவது உளறித் தப்பித்துவிடுவான்.

அப்போது கூட்டத்தின் பின்னால் ஒரு வயதானவர் கைகட்டி வந்து நின்றார். மங்காவின் நைனா, அதாவது அப்பா. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்.

"நான்தான் கட்டினேன். முகத்துவாரம் அடைச்சிக்கினு எங்க பக்கம் மீனே இல்ல. பொண்ணுகிட்ட வலை இரவல் வாங்கினேன், இங்க கட்டுவேன்னு அவளுக்குச் சொல்லல. மருமவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பருவம் முழுக்க அவர் இந்தக் கரையில் இறங்கக் கூடாது என்று ஊர் சொன்னது. தலையாட்டிவிட்டுப் போனார். வலை கஜா கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கஜா மனைவியைக் கேட்டார். "ஒனக்குத் தெரியுமா?"

"வலை கோயிலுக்குப் போன அன்னிக்கே தெரியும். ஒன்கிட்ட சொல்லக் கட்டு வுடல. மீறிச் சொன்னா நைனா மானம் போவும், சொல்லலன்னா ஒன் பாடு போவும். சார் கோயிலுக்குக் கெளம்பினதும்தான் நைனாவுக்கு போன் போட்டேன். 'நீயா வந்து நில்லு நைனா'ன்னு அழுதேன்."

கஜா வலையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இரண்டு பேரும் உட்கார்ந்து கிழிசல் பார்த்தார்கள். விடியலில் கஜா முதல் பாடு கட்டினார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது மங்கா வாசல் வரை வந்தாள். "கதையில எங்க நைனா வேணாம் சார். எல்லாத்தையும் நாகலிங்கமே கண்டுபுடிச்சதா எழுதிடுங்க."

அப்படியே எழுதினேன். திருடன் ஐஸ் வியாபாரி. நாகலிங்கத்தின் மூளையே மூளை என்று வாசகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். எடிட்டர் மறுபதிப்பே போட்டார். போன மாதம் மங்கா போன் செய்தாள். நைனா காலமாகிவிட்டார். "இப்ப நெசத்தை எழுதுங்க சார். அவரா வந்து நின்னாருன்னு எழுதுங்க."

எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஊருக்கு எப்போதும் விடை தெரியும். சொல்ல முடியாமல் நம்மை எங்காவது போகச் சொல்லும். சொன்ன இடத்துக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். அங்கே யாரோ ஒருவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.