நான் மாற்றிய அம்புக்குறி

புள்ளிக்கோடாக இருக்கவேண்டிய ஓர் அம்புக்குறியை நான் முழுக்கோடாக மாற்றினேன். பழியை ஒரு பெண்ணின் தலையில் போட்டேன்.

அரசு ஆய்வகத்தில் ஓய்வு பெற்றபின் மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் தரம் பார்ப்பவனாகச் சேர்ந்திருந்தேன். உடலின் செல்லுக்குள் எந்தப் புரதம் எதற்குச் செய்தி கடத்துகிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கி இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுவதுதான் தொழில். ஒன்று இன்னொன்றை நேரடியாகத் தூண்டினால் முழுக்கோடு. நிச்சயமில்லை என்றால் புள்ளிக்கோடு. பணம் கொடுத்த வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு முழுக்கோடுதான் பிடிக்கும். எங்கள் மேலாளருக்குப் புரதம் என்றால் பருப்பு. என் கீழிருந்த பையன்கள் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டுப் பதிவுகளை ஏற்றித் தள்ளினார்கள். அதைத் திறமை என்று மெச்சியவன், முனைவர் பட்டம் வாங்கிய நான்.

செகந்திராபாத் தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும் கடைசிப் பக்கம் வரை படிப்பாள். அவள் வேலை நிரந்தரமாகவேண்டிய சமயம். ஒரு புள்ளிக்கோட்டை மாற்றச் சொன்னேன்.

“நக்கோ சார், வேணாம். ரெண்டு புரதமும் நேரா ஒட்டுதுன்னு கட்டுரைல அவங்க காட்டவே இல்ல.”

அவள் சாப்பிடப் போனபோது அவள் பெயரிலிருந்த பதிவைத் திறந்து நானே மாற்றினேன். ஒரு கம்பெனி தவறைப் பிடித்துக் கேட்டது. கூட்டத்தில், “பாத்துப் போடக் கூடாதாம்மா?” என்று அவளிடமே கேட்டேன். அவள் வேலை போயிற்று. புகார் செய்தவனுக்கு மட்டும் திருத்திக் கொடுத்தோம்; ஊர் பார்க்கும் இணையப் பக்கத்தில் பொய் அப்படியே நின்றது. அன்று எனக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

சில ஆண்டுகள் கழித்து அவள் பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார். என் பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தான இருந்துச்சு. எழுதறதெல்லாம் இருக்கட்டும், அந்த அம்பை எடுத்தீங்களா? அதுக்குக் கீழ என் பேர் இருக்கு.”

எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்பத்தான் போயிருந்தேன்.

தளத்தை இப்போது நடத்துபவர்களுக்கு என் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதினேன். வேறு மூன்று தரவுத்தளங்களும் அதையே உறுதி செய்வதால் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. மூன்றும் எங்களிடமிருந்து நகலெடுத்தவை. அவற்றுக்கும் எழுதினேன். ஒன்று மட்டும் புள்ளிக்கோடாக்கியது. எங்கள் பக்கத்தில் முழுக்கோடு அப்படியே இருக்கிறது, அவள் பெயரோடு.