கையை இறக்கினால் அடி விழும்

யுத்தம் முடியாத காலம். புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. நான் சுடிதார் போட்டிருந்தேன். அடையாள அட்டையில் ஆண். கூட வந்த அக்காவுக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். வேறெங்கே நிற்பது?

மேலைத் தடவிய பொலிஸ்காரி அலறினாள். பெண் வேடத்தில் வந்த புலி என்றார்கள். துவக்குப் பிடியால் வயிற்றில் ஒன்று, விலாவில் ஒன்று. விழுந்த பிறகு சப்பாத்துக் காலால் மிதி. சுடிதாரைக் கிழித்து, ஆளுக்கு ஆள் கைவைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். "இது உன் ஆளா?" என்று ஒருவன் அக்காவைச் சிங்களத்தில் கேட்டான். அக்கா தெரியாது என்றாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அக்காவும் உதவமாட்டாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விலா எலும்பு கூடிவிட்டது. அக்காவின் 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல் ஆறவில்லை. குண்டசாலையில் கம்பியூட்டர் வகுப்பெடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நான், என் உடம்பையே படம் பிடித்துக் காட்சிக்கு வைக்க ஒரு கலைவேலை செய்தேன். இருட்டறை, சுவரில் வெள்ளைத் துணி, அதில் ஆளுயரத்துக்கு நான். எதிரே நிற்பவர் அசைவதைக் கமரா பார்க்கும். அவர் அசைகிறபடி படத்தில் நானும் அசைவேன். நடனம் ஆடுவார்கள் என்று நினைத்தேன். ஒத்திகைக்கு வந்த ஊர்ச் சனம் கமராவைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, சாவடியில் சோதனைக்கு நிற்பதுபோல் இரண்டு கையையும் தூக்கியது. சிலர் முதுகைக் காட்டித் திரும்பியும் நின்றார்கள். நாசமாய்ப் போன நாடு!

சரி, அப்படியே ஆகட்டும் என்று வேலையை மாற்றினேன். கை தூக்கியிருக்கும்வரை படத்திலிருக்கும் என்னைப் பல கைகள் தடவும். இறக்கினால் அங்கே என் வயிற்றில் அடி விழும்.

கண்டி டவுனில் காட்சி வைத்த அன்று அக்காவும் வந்தாள். கூப்பிட்டதே அவளை நிற்கவைக்கத்தான். அவளும் கையைத் தூக்கினாள். படத்தில் என் மார்பை, இடுப்பை, தொடையை அந்தக் கைகள் தடவின.

"எவ்வளவு நேரம்டா தம்பி இப்புடியே நிக்கிறது?"

"முடிஞ்சா இறக்குங்க அக்கா."

இறக்கினாள். அடி விழுந்தது. படத்தில் நான் மடிந்து சுருண்டேன். பதறிப்போய்த் திரும்பத் தூக்கினாள், திரும்பவும் தடவினார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் காய்த்த அவள் கைகள் மேலேயே நின்றன. பிறகு ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்து துணியைக் கிழித்து, பின்னாலிருந்த சுவரைக் கைமுட்டியால் குத்தினாள்.

"விடுங்கடா! அவ என் தங்கச்சிடா! மேல கைய வச்சீங்க, கொன்னுபுடுவேன்!"

தமிழைத் தாழ்ந்த குரலில் பேசிப் பழகிய ஊரில் அத்தனை பேர் முன்னால் கத்தினாள். முட்டி கிழிந்து ரத்தம் ஒழுகியது. இவ்வளவு காலம் கழித்துத் தங்கச்சி என்ற சொல் எனக்கு எதற்கு என்று ஆத்திரமாய் வந்தது. ஆனாலும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லுங்கள் அக்கா என்று அழுதேன்.